உடை ஒன்றானால் உள்ளம் ஒன்றாகுமா?

உண்டி, உடை, உறையுள் என்னும் மூன்றனையும் மாந்தர் வாழ்வின் அடிப்படைத் தேவைகளாகக் கூறுதல் மரபு. இவற்றுள் உண்டி வயிற்றுக்குள் சென்று மறைந்துவிடுகிறது. உறையுள் இருந்த இடத்திலேயே இருந்துவிடுகிறது. உடை ஒன்றுதான் மனிதனோடு தெருவுக்கு வருகிறது. அவன் வாய் திறந்து ஒரு சொல் சொல்லுமுன்னரே அவனுடைய குடி, செல்வம், தொழில், சமயம் ஆகியவற்றையெல்லாம் அது பிறருக்குச் சொல்லிவிடுகிறது. ஆதலால்தான் அறநூலாரும் அரசாள்வோரும் ஆசிரியரும் தொன்றுதொட்டு உடையைப் பற்றி ஓயாமல் எண்ணி வந்துள்ளனர்.

நம் சமயத்தாருக்கு இவ்வாராய்ச்சி புதியதன்று. திகம்பரர், சுவேதாம்பரர் என்னும் இரு பெரும் பிரிவுகளின் பெயர்களே உடையைக் குறித்து எழுந்தவை. திசைகளையே ஆடையாகக் கொண்ட முனிவர், கோவணம் ஒன்றே உடைய ஐலகர், கோவணத்தோடு ஒரு மேலாடையும் கொண்ட க்ஷுல்லகர் என்று, பற்றுக் குறையக் குறைய ஆடையும் குறைந்து செல்லும் படிமுறையை நாம் இளமை முதலே கண்டு வணங்கி வருகிறோம். ஒற்றை வெண்சேலையோடு நடந்து வரும் ஆரியாங்கனையரின் திருவடிகளில் பணிந்திருக்கிறோம். ஆயினும் இல்லறத்தில் நிற்கும் நம்மை ஒரு வினா விடாது தொடர்கிறது. எல்லாரும் ஒரே வகை உடை உடுத்தால் உயர்வு தாழ்வு என்னும் எண்ணம் ஒழிந்துவிடுமா? பிறர் விதித்த எளிமையும் அறம் என்று எண்ணப்படுமா?

நம் வீட்டுச் செய்தியைக் கொண்டே இதனை ஆராயப் புகுந்தால் நம்முடைய விருப்பு வெறுப்புகள் இடையில் வந்து நிற்கும். எனவே தொலைவிலுள்ள ஒரு நாட்டின் செய்தியை எடுத்துக்கொள்வோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சு நாட்டுக் கத்தோலிக்கப் பள்ளிகளில் பயின்ற சிறுவர்கள் என்ன உடுத்தனர், அவர்களுக்குக் கற்பித்தவர்கள் எதனை உடுத்தினர், எதனைக் கழற்றினர் என்பதை அறிந்தால் நம் வினாவுக்குரிய விடையும் ஒருவாறு புலப்படும்.

மைக்காக வந்த மேலங்கி

பிரான்சில் 1881-ஆம் ஆண்டுச் சட்டம் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் கல்வியை இலவசமாக்கியது. 1882-ஆம் ஆண்டுச் சட்டம் 6 முதல் 13 வயது வரையுள்ள சிறுவர் சிறுமியர்க்குக் கல்வியைக் கட்டாயமாக்கி, அரசுப் பள்ளியிலிருந்து சமயப் பாடத்தை நீக்கியது. அதன்பின் பல ஊர்களில் இரண்டு பள்ளிகள் எதிரெதிராக நின்றன. ஒன்று குடியரசின் பள்ளி. மற்றொன்று அருட்சகோதரர்களும் கன்னியர்களும் நடத்திய கத்தோலிக்கப் பள்ளி. ஒன்றில் சிலுவை சுவரிலிருந்து அகற்றப்பட்டது. மற்றொன்றில் அதுவே வகுப்பின் நடுநாயகமாக விளங்கியது. ஊராரும் அதற்கேற்ப இரு கட்சியாகப் பிரிந்திருந்தனர்.

இவ்வாறு கொள்கையால் பகைத்து நின்ற இரு பள்ளிகளுக்கும் சென்ற எளிய குடும்பத்துச் சிறுவர்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே உடுத்தியிருந்தனர் என்பது வியப்புக்குரியது. முழங்கால் வரை வரும் அரைக்கால் சட்டை, நீண்ட கம்பளிக் காலுறை, குளிர்காலத்தில் தலையையும் தோளையும் போர்த்தும் முக்காடு வைத்த கம்பளிப் போர்வையங்கி, தலையில் வட்டமான பெரே தொப்பி, இவை அனைத்துக்கும் மேலாகக் கறுப்பு அல்லது சாம்பல் நிறத்தில் தொளதொளவென்று ஒரு பருத்தி மேலங்கி. இந்த மேலங்கியை நாடு முழுவதற்கும் கட்டாயமாக்கிய அரசுச் சட்டம் ஏதும் இருந்ததில்லை. ஊர் வழக்கமும் பள்ளி விதியும் அன்னையரின் சிக்கனமுமே அதனை நிலைபெறச் செய்தன.

அதன் காரணம் மிக எளியது. அக்காலத்துச் சிறுவர் மேசையிலுள்ள மைக்கூட்டில் எஃகு முனைப் பேனாவைத் தொட்டுத் தொட்டு எழுதினர். ஊதா மை கையிலும் சட்டையிலும் தெறிக்கும். சட்டைகள் சிலவே உடைய வீட்டில் ஒரு கறை என்பது தாய்க்கு ஒரு நாள் உழைப்பு. எனவே சட்டையைக் காக்க மேலங்கி வந்தது. 1965-ஆம் ஆண்டில் பந்துமுனைப் பேனா பிரெஞ்சுப் பள்ளிகளில் அனுமதிக்கப்பட்டது. அந்தப் பத்தாண்டின் இறுதியிலேயே மேலங்கியும் வகுப்பறைகளிலிருந்து மறையத் தொடங்கியது.

ஆக, அந்த அங்கி சமத்துவத்தை எண்ணிப் பிறந்ததன்று. மைக்கறைக்காகப் பிறந்த அங்கி, தன்னையறியாமலே வேறொரு நன்மையையும் செய்தது. உள்ளே இருக்கும் சட்டை புதியதா, ஒட்டுப்போட்டதா என்பதை அது மறைத்தது. ஏழைச் சிறுவன் பணக்காரச் சிறுவன் அருகில் அமர்ந்து கணக்குப் போடும்போது அவன் நெஞ்சில் தைக்கவிருந்த ஒரு முள்ளை அது விலக்கியது. இந்நன்மையைச் சிறிதென்று தள்ளுதல் கூடாது. பிற உயிரின் நெஞ்சில் நோவு உண்டாகாமற் காப்பதும் அஹிம்சையின் பகுதியே.

ஆனால் அங்கி முழங்கால் வரையே வந்தது. அதற்குக் கீழே கால்கள் இருந்தன. வசதியுள்ளவன் தோற்காலணி அணிந்தான். அடுத்தவன் மேற்பகுதி தோலாலும் அடிப்பகுதி மரத்தாலும் ஆன காலணி அணிந்தான். குடியானவன் மகன் முழுதும் மரத்தில் குடைந்த மிதியடியோடு வந்தான். கல் பாவிய தெருவில் அக்காலணிகள் எழுப்பும் ஓசையைக் கேட்டே வருபவன் யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிடலாம். மேலே மறைத்த வேற்றுமை கீழே ஒலித்தது.

பட்டியலில் அடங்கிய பிள்ளை

செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் நிலை வேறு. இயேசு சபையாரும் பிற துறவற சபையாரும் நடத்திய விடுதிப் பள்ளிகளில் உண்மையான சீருடை இருந்தது. கருநீலத்திலோ கறுப்பிலோ மேற்சட்டை, வரிசையாக உலோகப் பொத்தான்கள், முகப்பு வைத்த கெப்பித் தொப்பி என்று அது படைவீரர் உடையை ஒத்திருந்தது. நெப்போலியன் 1802-ஆம் ஆண்டில் தோற்றுவித்த அரசு உயர்நிலைப் பள்ளிகளில் மாணவர்க்குப் படை முறையிலான உடை விதிக்கப்பட்டிருந்தது. அவற்றோடு போட்டியிட்ட கத்தோலிக்கப் பள்ளிகளும் அச்சாயலையே பின்பற்றின. அக்காலத்தில் வியாழக்கிழமை அந்நாட்டுப் பள்ளிகளுக்கு விடுமுறை நாளாக இருந்தது. வியாழனன்றும் ஞாயிறன்றும் விடுதி மாணவர்கள் வரிசையாக நகரத் தெருக்களில் உலாச் செல்வர். பள்ளிக்குள் அனைவரையும் ஒன்றாக்கிய அதே உடை, தெருவுக்கு வந்தவுடன், 'நாங்கள் உங்களைப் போன்றவர்கள் அல்லர்' என்று ஊராருக்கு அறிவித்தது. உள்ளே சமத்துவமாக இருந்தது வெளியே செருக்காக மாறியது. சீருடையின் இவ்விரட்டைத் தன்மையை நாம் நன்கு மனத்தில் இருத்த வேண்டும்.

விடுதியில் சேரும் பிள்ளையின் பெற்றோர்க்குப் பள்ளி ஒரு பட்டியல் அனுப்பும். சட்டை இத்தனை, கைக்குட்டை இத்தனை, காலுறை இத்தனை, படுக்கை விரிப்பு இத்தனை, உணவு மேசைத் துண்டு இத்தனை என்று அதில் எண்கள் குறிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு துணியிலும் பிள்ளைக்குரிய எண்ணை நூலால் தைத்து அனுப்ப வேண்டும். தாயும் தமக்கையும் விளக்கொளியில் அமர்ந்து அந்த எண்ணைத் தைப்பர்.

இப்பட்டியலைப் படிக்கும்போது நமக்கு நம் அணுவிரதம் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஐந்து அணுவிரதங்களுள் ஐந்தாவது பரிகிரக பரிமாணம். அதாவது உடைமைக்கு ஓர் எல்லை வகுத்துக்கொள்ளுதல். நிலம், வீடு, பொன், தானியம் முதலாகப் புறப்பொருளைப் பத்தாக வகுத்த நம் ஆகமங்கள், ஆடைவகையைக் குப்பியம் என்னும் பிரிவில் அடக்கியுள்ளன. விரதம் ஏற்கும் சிராவகன், 'இத்தனை ஆடைக்கு மேல் என்னிடம் இராது' என்று எண் குறித்துக்கொள்கிறான். பிரெஞ்சுப் பள்ளியின் பட்டியலிலும் எண் இருக்கிறது. நம் விரதத்திலும் எண் இருக்கிறது. பட்டியல், 'இதற்குக் குறையாமல் கொண்டு வா' என்கிறது. விரதம், 'இதற்கு மிகாமல் வைத்துக்கொள்' என்கிறது. அந்தக் கீழெல்லையை எட்ட முடியாத குடும்பத்துப் பிள்ளைக்கு விடுதியின் கதவு திறப்பதில்லை. மேலெல்லையோ எவருக்கும் கதவை அடைப்பதில்லை. ஒரே எண், நிற்கும் இடத்தால் அறமாகவும் ஆகிறது, தடையாகவும் ஆகிறது.

அக்காலப் பள்ளிகளில் மற்றொரு வழக்கமும் இருந்தது. நன்கு பயின்ற மாணவனின் மார்பில் நாடாவில் தொங்கும் சிறு சிலுவைப் பதக்கம் ஒன்றைக் குத்துவர். சில நாள் அதனை அணிந்திருந்து அவன் திருப்பித் தருவான். அடுத்து வேறொருவன் அணிவான். எல்லாரையும் ஒரே நிறத்தில் மூடிவிட்டு, அதன்மேல் ஒருவனை மட்டும் மின்னச் செய்த இவ்வழக்கம் ஆசிரியர்களாகிய நம்மையும் சிந்திக்க வைக்கிறது. எண்வகை மதங்களுள் பூஜை மதம் என்று ஒன்றுண்டு; பிறர் செய்யும் சிறப்பினால் வரும் செருக்கு அது. சிறுவனுக்கு அதனை ஊட்டுபவர் பெரும்பாலும் அவன் ஆசிரியரே.

வெண்பட்டை கட்டிய நாள்

கத்தோலிக்கச் சிறுவனின் வாழ்வில் புதுநன்மை பெறும் நாள் ஒப்பற்ற நாள். திருத்தந்தை பத்தாம் பயஸ் 1910-ஆம் ஆண்டில், ஏறத்தாழ 7 வயதிலேயே பிள்ளைகளுக்கு நற்கருணை வழங்கலாம் என்று ஆணையிட்டார். எனினும் பிரான்சில் 11, 12 வயதில் ஊரறியக் கொண்டாடும் பெருவிழா தொடர்ந்து நடைபெற்றது. அன்று சிறுவன் புதிய கறுப்பு அல்லது கருநீல உடை அணிவான். இடது கையில் வெள்ளைப் பட்டுத் துணியாலான பட்டை, விளிம்பில் தொங்கும் குஞ்சம், வெள்ளைக் கையுறை, கையில் மெழுகுவர்த்தியும் செப நூலும். நிழற்படக் கூடத்தில் நிறுத்தி எடுத்த அந்த நாளின் படம் பல வீடுகளின் சுவர்களில் நெடுங்காலம் தொங்கியது.

பணிவைக் கற்பிக்க வேண்டிய சடங்கு, பட்டையின் அகலத்தையும் குஞ்சத்தின் நீளத்தையும் ஒப்பிடும் நாளாகப் பல இடங்களில் மாறியது. அந்நாளுக்கென்றே ஏழைக் குடும்பம் கடன்பட்டது. அல்லது அண்ணன் உடுத்திய உடையைத் தம்பிக்கு வெட்டித் தைத்தது. திருச்சபையைச் சார்ந்தோரே இந்நிலை கண்டு வருந்தினர். 1950-ஆம் ஆண்டுகளில் ஒரு மாற்றம் பரவத் தொடங்கியது. சிறுவர் சிறுமியர் அனைவர்க்கும் கழுத்து முதல் கால் வரை மூடும் வெள்ளை அங்கி ஒன்றே போதும் என்று பங்குகள் பல முடிவு செய்தன. செலவையும் பகட்டையும் குறைத்து, செல்வர்க்கும் வறியவர்க்கும் இடையே தோன்றிய வேற்றுமையை அழிப்பதே அதன் நோக்கம். அந்த அங்கியைப் பல இடங்களில் பங்கே வாங்கி வைத்து, பிள்ளைகளுக்கு அந்நாளைக்கு அளித்தது.

மைக்காக வந்த மேலங்கியோடு இதனை ஒப்பிட்டுப் பார்ப்போம். மேலங்கியால் விளைந்த சமத்துவம் தற்செயலாக வந்தது. வெள்ளை அங்கியின் சமத்துவமோ மனம் அறிந்து, ஏழைப் பிள்ளையின் முகத்தை நினைந்து செய்யப்பட்டது. மேலும், விதித்தவர்களே அதன் செலவையும் ஏற்றனர். இவ்விரண்டாவது செய்தியை மறவாதிருக்குமாறு வேண்டுகிறோம். பின்னர் இதற்கு மீண்டும் வருவோம்.

அங்கி கழன்றது, விரதம் என்னவாயிற்று?

இனி ஆசிரியர்களைக் காண்போம். அருட்சகோதரர் சபையைத் தோற்றுவித்தவர் ஜான் பாப்திஸ்து தெலசால். 1651-ஆம் ஆண்டில் ரேம்சு நகரில் செல்வக் குடும்பத்தில் பிறந்த இவர், பேராலயத்தில் தமக்கிருந்த உயர்ந்த பதவியை 1683-ஆம் ஆண்டில் துறந்தார். அதனையடுத்து வந்த பஞ்சத்தில் தம் செல்வத்தை ஏழைகளுக்கு உணவாக வழங்கிவிட்டார். ஆசிரியர்களுக்கே பயிற்சி வேண்டும் என்று உணர்ந்து, உலகின் முதல் ஆசிரியப் பயிற்சி நிலையங்களுள் ஒன்றை அந்நகரிலேயே நிறுவினார். ஆசிரியப் பயிற்சி பெற்றுப் பணியாற்றிய நமக்கு அவர் ஒருவகையில் முன்னோர். அவருடைய பள்ளிகளில் ஏழை என்று பதிவு பெற்றவர்களோடு மற்றவர்களும் கட்டணமின்றி ஒன்றாக அமர்ந்தனர். தம் பிழைப்புக் கெடுகிறதென்று பாரீசு நகர எழுத்தாசிரியர்கள் வழக்குத் தொடுத்தபோதும் அவர் அக்கொள்கையைக் கைவிடவில்லை.

அவர் தம் ஆசிரியர்க்கு விதித்த உடை, முரட்டுத் துணியாலான கறுப்பு அங்கியும் கழுத்தில் வெள்ளைப் பட்டியும். அது குருமாரின் உடையும் அன்று. உலகத்தாரின் உடையும் அன்று. தெருவில் சிறுவரும் பெரியவரும் அதனைக் கண்டு நகைத்தனர். அதனை மாற்றும்படி வற்புறுத்தல் எழுந்தபோது, அவ்வுடையின் தேவையை விளக்கி அவர் ஒரு விண்ணப்பமே எழுதினார். நகைப்புக்கு ஆளாகிய அந்த உடை இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நிலைபெற்று, பிரெஞ்சுச் சிறுவர் பல தலைமுறையினரின் கண்ணில் 'ஆசிரியர்' என்பதன் வடிவமாகவே பதிந்தது.

பின்னர்க் காலம் மாறியது. 1901-ஆம் ஆண்டுச் சட்டம் துறவற சபைகள் அரசின் அனுமதி பெற வேண்டும் என்றது. 1902 முதல் 1905 வரை தலைமை அமைச்சராக இருந்த எமில் கோம்பு, இளமையில் குருமடத்தில் பயின்றவர். அவர் ஆட்சியில் ஆயிரக்கணக்கான பள்ளிகள் மூடப்பட்டன. 1904-ஆம் ஆண்டு ஜூலைச் சட்டம் துறவற சபையினர் கற்பிப்பதையே தடை செய்து, எஞ்சிய பள்ளிகளை மூடப் பத்தாண்டுக் காலம் விதித்தது. 1905-ஆம் ஆண்டுச் சட்டம் அரசையும் திருச்சபையையும் பிரித்தது.

அருட்சகோதரர்களின் முன் இரண்டு வழிகளே இருந்தன. ஒரு சாரார் அங்கியைக் காத்துக்கொள்ள நாட்டை விட்டனர்; பெல்சியம், ஸ்பெயின் முதலிய நாடுகளுக்குச் சென்றனர். மற்றொரு சாரார் பள்ளியைக் காத்துக்கொள்ள அங்கியை விட்டனர். சாதாரணக் கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்து அதே வகுப்பறைகளில் அதே பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். நேற்று வரை 'சகோதரரே' என்று அழைத்த மாணவன் இன்று 'ஐயா' என்று அழைக்க வேண்டியதாயிற்று. அங்கியைக் கழற்றியது உண்மையான விலகலா, வெறும் தோற்றமா என்ற வழக்குகள் நீதிமன்றங்களுக்கும் சென்றன. துணி மாறியதைச் சட்டத்தால் காண முடிந்தது. அதை உடுத்தியவரின் நெஞ்சில் விரதம் இருக்கிறதா இல்லையா என்பதைக் காண முடியவில்லை.

இவ்விரு சாராருள் துறவு நெறியில் நின்றவர் யார்? அங்கிக்காக நாட்டைத் துறந்தவரா, பிள்ளைகளுக்காக அங்கியைத் துறந்தவரா? இதற்கு எளிதில் விடை கூற இயலாது என்றே நாம் கருதுகிறோம். விரதத்தின் அடையாளத்தை உயிர்போலக் காத்தல் பெருமைக்குரியது. அடையாளத்தின்மீதும் பற்று வைக்காது பணியைத் தொடர்தலும் பெருமைக்குரியது. பொருள் கையில் இருப்பதைக் காட்டிலும் பொருளின்மேல் மனம் மயங்குவதையே பரிகிரகம் என்று நம் ஆசாரியர்கள் கொண்டனர். அம்மயக்கம் பட்டாடையின்மேல் உண்டாவது போலவே முரட்டு அங்கியின்மேலும் உண்டாகலாம். தவத்தால் வரும் செருக்கையும் எண்வகை மதங்களுள் ஒன்றாக நம் முன்னோர் எண்ணிவைத்தது இதனால்தான் போலும்.

போர் உடுத்திய சீருடை

1914-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் போர் மூண்டது. துறவற சபைகளுக்கு எதிரான சட்டங்களின் நடவடிக்கைகளை அரசு நிறுத்தி வைத்தது. நாடு கடந்திருந்த துறவியர் பலர் படையில் சேரத் திரும்பி வந்தனர். அரசுப் பள்ளி ஆசிரியரும் அருட்சகோதரரும் ஒரே நீல உடையில் ஒரே பதுங்கு குழியில் கிடந்தனர். பிரெஞ்சு நாட்டார் ஏறத்தாழ 14 இலட்சம் பேர் மாண்டனர். வகுப்பறைகளில் தந்தையை இழந்த சிறுவர் துக்கக் குறியாகக் கறுப்பு அணிந்து அமர்ந்தனர். சிலுவை மாட்டிய பள்ளியிலும் மாட்டாத பள்ளியிலும் அக்கறுப்பு ஒன்றாகவே இருந்தது. 1924-ஆம் ஆண்டில் பழைய சட்டங்களை மீண்டும் செயற்படுத்த அரசு முயன்றபோது, போரிலிருந்து மீண்ட துறவியர், 'நாங்கள் இனி வெளியேற மாட்டோம்' என்று உறுதியாக நின்றனர். அரசு அம்முயற்சியைத் தொடரவில்லை.

பள்ளி அங்கியால் உண்டாகாத ஒற்றுமையைப் போர்ச்சீருடை உண்டாக்கியது என்று சிலர் மகிழக்கூடும். நம்மால் மகிழ இயலவில்லை. பிற உயிரைக் கொல்வதற்காக அணிந்த உடையில் பிறந்த உடன்பிறப்பு எத்துணை உண்மையாயினும், அதற்குக் கொடுத்த விலை மிகப் பெரிது. ஒன்றை மட்டும் அதிலிருந்து நாம் கற்கலாம். அம்மனிதரை இணைத்தது துணியின் நிறமன்று. ஒருவர் துன்பத்தை மற்றவர் அருகிருந்து கண்டதே ஆகும்.

பொத்தானுக்காகக் களைந்த உடை

லூயி பெர்கோ என்னும் பிரெஞ்சு எழுத்தாளர் 1912-ஆம் ஆண்டில் 'பொத்தான்களின் போர்' என்னும் நாவலை வெளியிட்டார். அவரும் ஊர்ப்பள்ளி ஆசிரியராக இருந்தவரே. 1915-ஆம் ஆண்டில் போரில் மறைந்தார். அக்கதையில் அண்டை ஊர்கள் இரண்டின் சிறுவர்கள் சண்டையிடுகின்றனர். தோற்றவன் சட்டையிலுள்ள பொத்தான்களை வென்றவர்கள் அறுத்துக்கொள்கின்றனர். பொத்தானின்றி வீடு சென்றால் பெற்றோரின் அடி காத்திருக்கும். எனவே ஒருநாள் சிறுவர்கள் தம் உடைகளைக் களைந்து ஒளித்து வைத்துவிட்டுச் சண்டைக்குச் செல்கின்றனர்.

படிப்போர்க்கு நகை விளைக்கும் இந்நிகழ்ச்சியில் நமக்கு ஓர் அரிய பாடம் இருக்கிறது. ஆடையைக் களைவது துறவு ஆகிவிடாது. அச்சிறுவர் ஆடையைக் களைந்தது ஆடையைக் காப்பதற்காகவே. பற்று ஆடையிலேயே இருந்தது; உடல் மட்டும் வெறுமையாக இருந்தது. நம் முனிவரரின் திகம்பர நிலையோ உள்ளத்தில் இருக்கும் பதினான்கு வகை அகப்பற்றுகளும் தேய்ந்து வருவதன் புறவடிவம். உள்ளே தேயாமல் வெளியே மட்டும் குறைப்பதை நம் ஆகமங்கள் ஒருபோதும் துறவு என்று ஏற்றதில்லை. குறைவான உடையால் மட்டும் துறவு வராதவாறே, ஒரே உடையால் மட்டும் சமத்துவமும் வருவதில்லை.

நம் வகுப்பறையில்

இவ்வளவும் பிற நாட்டார் செய்தி. ஆயினும் இதனை எழுதத் தூண்டியது நம் வாழ்வில் நிகழ்ந்த ஒரு தவறே. அதனைச் சொல்லாமல் விடுதல் நேர்மையாகாது.

நாம் பணியாற்றிய பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை இருந்தாள். அவள் வரும் நாட்களில் சீருடை துவைத்து மடிப்பு கலையாமல் இருக்கும். வகுப்பின்முன் அவளை நிறுத்தி, 'சீருடை என்றால் இப்படி இருக்க வேண்டும்' என்று நாம் பாராட்டியதும் உண்டு. ஆனால் அடிக்கடி வராமல் இருந்துவிடுவாள். காரணம் கேட்டால் தலைகுனிந்து நிற்பாள். அதற்காகப் பலமுறை கடிந்துகொண்டோம். வகுப்புக்கு வெளியே நிறுத்தியும் வைத்தோம். ஒருமுறை உடன் பணியாற்றிய ஆசிரியை விடுப்பில் சென்றதால் ஆறாம் வகுப்பின் வருகைப் பதிவேடும் நம் கைக்கு வந்தது. அவ்வகுப்பில் அப்பிள்ளையின் தங்கை பயின்றாள். இரண்டு பதிவேடுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது நம் கை நடுங்கியது. தமக்கை வந்த நாளில் தங்கை வரவில்லை; தங்கை வந்த நாளில் தமக்கை வரவில்லை. இருவருக்கும் சேர்த்து உடுக்கத்தக்க சீருடை ஒன்றே இருந்தது.

சீருடையின் மடிப்பைக் கண்டு பாராட்டிய நாம், அந்த மடிப்புக்காக அவர்கள் இழந்த நாட்களைக் காணவில்லை. ஏழைப் பிள்ளையின் நெஞ்சு நோகாதிருக்க வந்த விதியே அவர்களைப் பாதி நாள் பள்ளிக்கு வெளியே நிறுத்தியது. அவ்விதியின் காவலராக நின்றவர் நாமே. உண்மையை அறிந்து ஆவன செய்ய முனைவதற்குள் அக்குடும்பம் ஊர் மாறிச் சென்றுவிட்டது. ஒவ்வோர் ஆண்டும் க்ஷமாவாணி நாளில் எல்லா உயிர்களிடத்தும் பொறுத்தருளுமாறு வேண்டும்போது, அவ்விரு பிள்ளைகளின் முகங்களே முதலில் நம் கண்முன் வருகின்றன.

எஞ்சும் தெளிவு

இன்றும் உலகம் இவ்வினாவை விட்டபாடில்லை. பிரான்சில் 2004-ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பள்ளி மாணவர்கள் சமயத்தை வெளிப்படக் காட்டும் உடையையும் சின்னத்தையும் அணிவதைத் தடை செய்தது. சீருடை வழக்கமில்லாத அந்நாட்டின் அரசுப் பள்ளிகள் சிலவற்றில் 2024-ஆம் ஆண்டு முதல் சீருடையைச் சோதனையாகக் கொண்டுவந்து பார்த்தனர். ஒருவன் அடையாளத்தைக் களைய வேண்டும் என்பதும், எல்லாரும் ஓரடையாளத்தை அணிய வேண்டும் என்பதும் சமத்துவத்தின் பெயராலேயே பேசப்படுகின்றன.

இதுகாறும் கண்டவற்றால் நமக்குப் புலப்படுவது இது. தானே விரும்பி ஏற்ற எளிமை விரதம். அது ஏற்றவனைத் தூய்மை செய்யும். பிறர் விதித்த எளிமை விதி. அது விரதம் ஆகாது. ஆயினும் விதியும் பயனற்றதன்று. மெலியோர் நெஞ்சு நோகாமற் காக்கும்வரை அதுவும் அறத்தின் வேலியாகும். விதிப்பவர் அதன் சுமையில் பங்கேற்காமல், சுமை முழுதையும் மெலியோர்மேல் இறக்கினால், வேலியே பயிரை மேய்ந்ததாகிவிடும். வெள்ளை அங்கியைத் தாமே வாங்கி வைத்துப் பிள்ளைகளுக்கு அளித்த பங்குகளை மீண்டும் நினைவூட்டுகிறோம். விதியோடு தானமும் சேர்ந்தபோதுதான் அங்கே சமத்துவம் பிறந்தது.

இல்லறத்தாராகிய நாம் செய்யத்தக்கது அரிய செயலன்று. குரோதம், மானம், மாயை, லோபம் என்னும் நான்கு கஷாயங்களும் நம் ஆடைப் பெட்டிக்குள் குடியிருக்க இடம் தராதிருப்போம். இத்தனை ஆடை போதும் என்று ஓர் எண்ணைக் குறித்துக்கொண்டு, மிஞ்சியதைத் தேவையுள்ள பிள்ளைகளுக்கு, அவர்கள் முகம் வாடாத வகையில் கொடுப்போம். திருமணத்திலும் திருவிழாவிலும் நம் பட்டின் பளபளப்பால் அருகில் நிற்பவள் கூசி ஒதுங்கினால், அக்கூச்சத்திற்கு நாமே பொறுப்பு என்று உணர்வோம். ஆசிரியப் பணியிலிருக்கும் இளைய தலைமுறையினர்க்கு நாம் சொல்ல விரும்புவது ஒன்றே. பிள்ளையின் சீருடையைப் பார்க்கும்போது வருகைப் பதிவேட்டையும் சேர்த்துப் பாருங்கள்.

அறம் வளர்க! ஜினதர்மம் ஓங்குக!